குளியாளியின் இடுப்பு வலி

கேள்வி: கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர் எங்களுடையது. என் கணவருக்கு 39 வயது. 14 வருடமாகச் சங்கு குளிக்கிறார். முதலில் மூச்சடக்கி இறங்கினார். கடந்த 9 வருடமாகப் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று எடுத்துக்கொண்டு பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம் ஆழத்துக்குப் போகிறார். 8 மாதமாக வலது தொடையிலும் முழங்காலிலும் வலி. முழங்காலைப் படம் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது சம்மணமிட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். எம்ஆர்ஐ எடுத்த இடத்தில், இடுப்பில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். என் மாமியாருக்குச் சர்க்கரை நோயில் கால் விரல் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தோம். இவருக்கும் காலை எடுக்க வேண்டியிருக்குமா? என் மாமனார் 60 வயது வரை சங்கு குளித்தவர். அவருக்கு எதுவும் வரவில்லையே, இவருக்கு மட்டும் ஏன்? மூட்டு குடையும்போது மறுபடி இறங்கினால் வலி போய்விடுகிறது என்கிறார். குடிப்பழக்கம் இல்லை, பீடி உண்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம். தொழிலை விடத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

காலை எடுக்க வேண்டியதில்லை. இந்த வரியை முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மற்றதைப் பிறகு நிதானமாக வாசிக்கலாம்.

உங்கள் மாமியாரின் விரலுக்கு நேர்ந்ததற்கும் உங்கள் கணவரின் எலும்புக்கு நேர்ந்ததற்கும் அடிப்படை ஒன்றுதான். ரத்தம் போய்ச் சேரவில்லை. சேராத இடத்தில் இருந்த உயிரணுக்கள் இறந்தன. மாரடைப்பில் இதயத் தசைக்கு நடப்பதும் இதுவே. ஆனால் இறந்த பிறகு என்ன ஆகும் என்பதை அந்த உறுப்பு இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. கால் விரல் மண்ணையும் தண்ணீரையும் தொட்டுக்கொண்டே இருப்பது. தோலில் சிறு வெடிப்பு விழுந்தாலும் கிருமி புகும். சர்க்கரை கட்டுப்படாத உடலில் அது வேகமாகப் பெருகி, அழுகல் மேலே ஏறும். அப்போது உயிரைக் காப்பாற்ற வெட்டத்தான் வேண்டும். தொடை எலும்பின் தலையோ, அதாவது இடுப்பு மூட்டுக்குள் பொருந்தும் அதன் உருண்டையான மேல்முனையோ, தசைகளுக்கும் மூட்டுறைக்கும் உள்ளே, வெளிக்கிருமி எட்டாத ஆழத்தில் இருக்கிறது. அங்கே இறந்த எலும்பு அழுகுவதில்லை, நஞ்சு பரப்புவதில்லை, தொடை வழியாகக் கீழே இறங்குவதும் இல்லை. இது புற்றுநோயும் அல்ல. "செத்துவிட்டது" என்று சொன்னவர் இந்த நான்கு வரிகளையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் நிற்கும் இடத்தில் பல நேரம் அது நடப்பதில்லை. மருத்துவர்களாகிய எங்கள் தரப்பின் குறை அது. அதனால் நீங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

இந்த எலும்புக்கு மட்டும் ரத்தம் ஏன் நிற்க வேண்டும்? நம் மாவட்டத்துக்காரருக்கு அதை விளக்குவது எளிது. வைகைத் தண்ணீர் எங்கெங்கோ பாய்ந்து கடைசியாக நம்மிடம் வருகிறது. மேலே ஒரு மடை அடைத்தால் இங்கே கண்மாய் காய்கிறது. தொடை எலும்பின் தலையும் அப்படி ஒரு கடைமடை. அதற்கு வரும் ரத்தத்தின் பெரும்பகுதி, எலும்பின் கழுத்தைச் சுற்றி ஏறும் மிக மெல்லிய சில குழாய்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒன்று அடைபட்டால் வேறு வழியில் பாய்ச்சிக்கொள்ள வாய்க்கால் கிடையாது. தோள் எலும்பின் தலையும் இதே வகைதான். ரத்தம் முழுமையாக நின்றுவிட்டால் மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் அணுக்கள் 6 முதல் 12 மணி நேரத்துக்குள்ளும், எலும்பின் அணுக்கள் 12 முதல் 48 மணி நேரத்துக்குள்ளும் இறந்துவிடுகின்றன. வலியோ பல மாதம் கழித்து வருகிறது. உங்கள் கணவர் எந்த நாளில் எந்த முறை இறங்கி ஏறியபோது இதைச் சம்பாதித்தார் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

மாமனாரைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிகக் கூர்மையான கேள்வி அதுதான். அவர் கரையிலிருந்து கொண்டுபோனது ஒரு நெஞ்சு நிறையக் காற்று மட்டும். அதை வைத்துக்கொண்டு ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். அவருடைய தொழிலுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன. காது ஒன்றாவது சற்று மந்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கடலடியில் அவர் புதிதாகக் காற்றை இழுக்கவில்லை. உங்கள் கணவர் பத்துப் பாகத்தில், அதாவது சுமார் 18 மீட்டரில், ஒரு மணி நேரம் கூட இருக்கிறார். அந்த ஆழத்தில் கரையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்திலேயே காற்றை இழுத்து இழுத்து விடுகிறார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடலுக்கு அது பயன்படுவதில்லை. ஆனால் அழுத்தம் கூடினால் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடும். கொழுப்பில் அது நீரில் கரைவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கரையும். வளர்ந்தவர்களின் தொடை எலும்புத் தலைக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்புதான்.

மெதுவாக, நின்று நின்று மேலே வந்தால் அந்த வாயு நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். பை நிறைந்தது என்று சட்டென்று ஏறினால், கோலி சோடாவின் கோலியை அழுத்தியதும் நுரை பொங்குவதைப்போல் வாயு உடலுக்குள்ளேயே குமிழியாகிறது. தசையில் குமிழி உண்டானால் தசை சற்று விரிந்து இடம் கொடுக்கும். எலும்பு இடம் கொடுக்காது. உள்ளே கொழுப்பு உப்பும், மெல்லிய குழாய்கள் நசுங்கும், குமிழியைச் சுற்றி ரத்தம் உறையும். ஒரு நாளில் நான்கு ஐந்து முறை இறங்கி ஏறுகிறவருக்கு இது 9 வருடமாக நடந்திருக்கிறது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1870களில் அமெரிக்காவில் பெரிய பாலங்களுக்காக ஆற்றடியில், அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் அடித்தளம் தோண்டிய தொழிலாளர்கள் மேலே வந்ததும் மூட்டைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்கள். நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று 1878இல் பிரான்ஸின் பால் பேர் காட்டினார். எந்த ஆழத்திலிருந்து வந்தால் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் பிரிட்டனின் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. கம்ப்ரசர் நம் படகுக்கு வந்து சேர்ந்தது, ரப்பர் குழாய் வந்து சேர்ந்தது. அந்த அட்டவணை மட்டும் வந்து சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

முழங்காலைப் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பியது பற்றி எழுதியிருக்கிறீர்கள். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளைகளே முழங்காலுக்கும் போகின்றன. ஆகையால் இடுப்பில் கோளாறு இருந்தாலும் வலி தொடை இடுக்கிலும் முழங்காலிலும் தெரியும். சம்மணமிட முடியாமை, குந்த முடியாமை, காலை உள்பக்கம் திருப்பினால் பிடித்து இழுப்பது ஆகியவையே இடுப்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். இடுப்பையே படம் எடுத்திருந்தாலும் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் தெரியும். உயிரணு இறந்தாலும் சுண்ணாம்புச் சத்து அப்படியே இருக்கிறதல்லவா? எம்ஆர்ஐயில்தான் ஆரம்பத்திலேயே பிடிபடும்.

பிறரை மட்டும் சொல்வது நியாயமாகாது. பல வருடங்களுக்கு முன்பு மண்டபம் பக்கத்திலிருந்து ஒருவர் இதே வலியோடு என்னிடம் வந்தார். இடுப்பு எக்ஸ்ரே நன்றாக இருந்தது. என்ன தொழில் என்று கேட்டேன். "கடல் தொழில்" என்றார். எந்தக் கடல் தொழில் என்று நான் கேட்கவில்லை. வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினேன். ஒரு வருடம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தபோது எலும்பின் தலை சரிந்து தட்டையாகிவிட்டிருந்தது. அவர் சங்கு குளிப்பவர். அன்றிலிருந்து இந்தக் கரையில் யார் இடுப்பு வலி, தோள் வலி என்று வந்தாலும் "நீரில் இறங்குவீர்களா, எதை வைத்து மூச்சு விடுவீர்கள்" என்று கேட்காமல் அனுப்புவதில்லை.

அந்தச் சரிவு எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் நான் அடுத்துச் சொல்லப்போவதற்கு அவர் இணங்குவார். இறந்த எலும்பு இறந்த உடனே உடைவதில்லை. முதலில் அது உயிருள்ள எலும்பைப் போலவே எடையைத் தாங்குகிறது. பிறகு சுற்றியுள்ள நல்ல எலும்பிலிருந்து உடல் தானே பழுதுபார்க்க வருகிறது. படகின் அடிப்பலகை உளுத்துவிட்டால் கரையில் என்ன செய்வார்கள்? பழைய பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதியதை அடிப்பார்கள். உடலும் அதையே செய்கிறது. ஆனால் பெயர்ப்பது வேகமாகவும் அடிப்பது மெதுவாகவும் நடக்கிறது. பாதிப் பலகை பெயர்த்த படகைச் சரக்கேற்றிக் கடலில் தள்ளினால் என்ன ஆகுமோ, அதுதான் இந்த நேரத்தில் அவர் சுமை தூக்கினால் ஆகும். ஒற்றைக் காலில் நிற்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்துகிறது. நாம் நடக்கும் ஒவ்வோர் அடியும் ஒற்றைக் கால் நிலைதான். படகிலிருந்து குதிப்பதையும் சங்கு மூட்டையைத் தோளில் தூக்கி மணலில் நடப்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அறிக்கையைப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டாம் நிலை. தலையின் உருண்டை வடிவம் இன்னும் கெடவில்லை. பாதிக்கப்பட்டது ஏறக்குறைய கால் பங்கு. பொதுவாக 15 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் சரியாமல் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். 30 சதவீதத்தைத் தாண்டினால் சரியும் வாய்ப்பு அதிகம். அவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இடது பக்கத்தில் சிறிய தொடக்கம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அதிர்ச்சி அடையாதீர்கள். எலும்பு முறிவால் அல்லாமல் வரும் இந்த நோயில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கும். வலிக்காத இடது பக்கத்தைக் காப்பாற்றுவதும் இப்போது நம் வேலை.

எலும்பு மருத்துவர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். அடுத்த மாதம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். தலை சரிவதற்கு முன்பு செய்யக்கூடிய சிகிச்சை ஒன்று உண்டு. தொடை எலும்பின் பக்கவாட்டிலிருந்து உள்ளே துளையிட்டு, இறந்த பகுதி வரை போய் அழுத்தத்தைக் குறைப்பார்கள். சில சமயம் அந்த வழியில் அவருடைய சொந்த எலும்பையோ மஜ்ஜையையோ எடுத்து நிரப்புவார்கள். பிறகு சுமார் 6 வாரம் ஊன்றுகோலோடு நடக்க வேண்டும். இது எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குச் செய்த பிறகும் தலை சரிகிறது. ஆனால் இது பயன்படும் காலம் இப்போதுதான். சரிந்தபின் துளையிட்டுப் பயனில்லை. அப்போது மிஞ்சுவது செயற்கை மூட்டு. அதையும் கண்டு அஞ்ச வேண்டாம். பொருத்திய மூட்டுகளில் பெரும்பாலானவை 15 ஆண்டுகளைத் தாண்டி உழைக்கின்றன, மனிதர் வலியில்லாமல் நடக்கிறார். 39 வயதில் வைத்தால் வாழ்நாளில் மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம் என்பதால்தான் முடிந்தவரை தள்ளிப்போடப் பார்க்கிறோம்.

மருத்துவரைப் பார்க்கும் வரைக்கும் அக்குளில் தாங்கும் கட்டைகளோடு நடக்கட்டும். அது கிடைக்கும் வரை கைத்தடியாவது வேண்டும். தடியை இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். எதிர்க்கையில் பிடித்தால்தான் இடுப்பின் பாரம் குறையும். நாற்காலியில் தொழுவதைத் தொடரட்டும், நாற்காலி முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கழிப்பறைக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். எண்ணெய் தடவுவதால் கெடுதல் இல்லை. ஆனால் காலை இழுத்து முறுக்கிச் சொடக்கெடுக்கும் வைத்தியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் மூட்டு வலிக்கென்று சீட்டில்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் நாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பளபளக்கும். அதே ஸ்டீராய்டை அதிக அளவில், வாரக்கணக்கில் எடுப்பது எலும்புத் தலை இறப்பதற்கு நாங்கள் அறிந்த முக்கியக் காரணங்களில் ஒன்று. உங்கள் கணவர் அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் அட்டையையோ பொட்டலத்தையோ மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பீடியை நிறுத்தியே ஆக வேண்டும். மெல்லிய குழாய்களை மேலும் சுருக்குவது அது.

மறுபடி இறங்கினால் வலி போகிறது என்று அவர் சொல்வது உண்மை. கீழே போனதும் அழுத்தத்தில் குமிழி சுருங்குகிறது, குடைச்சல் அடங்குகிறது. ஆனால் அதே நேரத்தில் அவர் இன்னும் கொஞ்சம் நைட்ரஜனை ஏற்றிக்கொள்கிறார். அடுத்த முறை மேலே வரும்போது குமிழி கூடுதலாக உண்டாகும். கடல் அவருக்கு வைத்தியம் செய்யவில்லை, கடன் கொடுக்கிறது. அந்தக் குடைச்சலுக்கு உரிய சிகிச்சை சுத்தமான ஆக்சிஜனும், மருத்துவர் மேற்பார்வையில் உள்ள அழுத்த அறையும்தான். அந்தப் படகில் போகும் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள்: மேலே வந்த பிறகு கால் மரத்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, தலை சுற்றி நிற்க முடியாவிட்டாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ அவரைத் தண்ணீருக்குள் திரும்ப இறக்கவே கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்க வேண்டும். வந்தவர்களிடம் "ஆழத்தில் மூச்சுக் காற்று எடுத்தவர், ஆக்சிஜன் கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள்.

தொழிலை விடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: கம்ப்ரசர் குழாயிலும் சிலிண்டரிலும் மூச்செடுத்து இறங்குவதை இன்றோடு விட வேண்டும். மூட்டை ஒட்டிய எலும்பு இறந்த பிறகு அழுத்தக் காற்றில் இறங்கலாம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். கடலை முழுக்க விடும்படி நான் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து எலும்பு நிலைபெற்றால் கரை வேலை, கணக்கு, சங்கைத் தரம் பிரிப்பது, உயரமான பலகையில் உட்கார்ந்து வலை கட்டுவது போன்றவற்றைச் செய்யலாம். வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும். முன்பணம் கொடுத்த வியாபாரியிடம் காட்ட மருத்துவரிடம் சான்றிதழ் எழுதி வாங்குங்கள். கடலில் இறக்க முடியாத ஆளிடம் தவணையை நீட்டிப்பதைத் தவிர அவருக்கும் வழியில்லை.

சிகிச்சைக்காகக் கூடுதல் கடன் வாங்கிவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டையோடு, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் தொடங்கலாம்; தேவைப்பட்டால் அங்கிருந்தே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எம்ஆர்ஐ படச்சுருளையும் எடுத்துச் செல்லுங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இரண்டு தோள்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கும்படி நீங்களே கேளுங்கள். குளியாளிகளுக்குத் தோள் எலும்பின் தலை இறப்பதும் சகஜம், அங்கே வலி தாமதமாகத்தான் தெரியும்.

கடிதத்தின் ஓரத்தில், உங்கள் கொழுந்தனும் அதே படகில் அதே குழாயில்தான் இறங்குகிறார், அவருக்கு வலி ஏதும் இல்லை என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். ராமநாதபுரம் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.